போதும் என்ற மனமா, முடியவில்லை என்பதன் மறுபெயரா?

கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்களுக்கு வயது நாற்பத்தாறு. வருமானம் குறைவு, ஆனால் குடும்பம் அதற்குள்ளேயே ஓடுகிறது, கடன் இல்லை. கூடப் படித்தவர்களில் பலர் எங்கேயோ போய்விட்டார்கள். பகலில் "இது போதும்" என்று தோன்றுகிறது. சில ராத்திரிகளில் மட்டும், இது உண்மையான மனநிறைவா, முடியாமல் போனதற்கு நானே வைத்துக்கொண்ட நல்ல பெயரா என்ற சந்தேகம் வந்து தூக்கத்தைக் கெடுக்கிறது. கடைசி வரியில் இன்னொரு சின்னக் கேள்வியும் வைத்திருக்கிறீர்கள்: அடுத்த மாதம் பழைய வகுப்புத் தோழர்கள் கூடுகிறார்கள், போகலாமா வேண்டாமா?

அந்தச் சின்னக் கேள்விதான் உங்களை எழுத வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு எழுதிப் பிழைத்தவன். அடுத்தவருடைய வரவு செலவைப் பார்ப்பதே தொழிலாக இருந்ததால், ஒருவர் வாயால் சொல்லும் திருப்திக்கும் அவருடைய கணக்குப் புத்தகம் சொல்வதற்கும் எவ்வளவு தூரம் இருக்கும் என்று நிறையப் பார்த்தாயிற்று. ஓய்வு பெற்ற பிறகு, இது பற்றிய ஆராய்ச்சிகளைத் தேடிப் படிப்பது பழக்கமாகிவிட்டது. ஆகவே பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் வயதின் பங்கைத் தனியாகப் பிரித்து வைத்துவிடலாம். ராத்திரியில் வருகிற அந்தச் சந்தேகத்தில் ஒரு பகுதிக்கு உங்கள் சம்பளம் காரணமே இல்லை.

'நடுவயது நெருக்கடி' என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டவர் எலியட் ஜாக்ஸ் என்ற கனடா நாட்டு உளப்பகுப்பாய்வாளர். 1965இல் அவர் எழுதிய கட்டுரையில், சிகிச்சைக்கு வந்த ஒருவர் சொன்னது இடம்பெறுகிறது: இதுவரை மேடு ஏறிக்கொண்டே இருந்தேன், இப்போது உச்சிக்கு வந்துவிட்டேன், மறுபக்கத்துச் சரிவும் பாதை முடிகிற இடமும் கண்ணில் படுகின்றன என்று. எழுதும்போது ஜாக்ஸுக்கு வயது 48. அதற்குப் பிறகு அவர் இன்னும் 38 வருடம் வாழ்ந்தார்.

அந்தச் சொல் பரவிய அளவுக்கு அந்த நெருக்கடி பரவலாக இல்லை. பின்னாளில் அமெரிக்காவில் விசாரித்தபோது, தனக்கு அப்படி ஒன்று வந்தது என்று சொன்னவர்கள் சுமார் கால்வாசிப் பேர்தான். அவர்களும் பெரும்பாலும் மணமுறிவு, வேலை போனது, நெருங்கியவர் இறந்தது என்று ஏதாவது ஒரு நிகழ்ச்சியைத்தான் காட்டினார்கள். உடைந்து விழுவது எல்லோருக்கும் நடப்பதில்லை. ஆனால் மெல்லிய ஒரு தொய்வு பலருக்கும் இருக்கிறது. டேவிட் பிளாஞ்ச்ஃபிளவர், ஆண்ட்ரூ ஆஸ்வால்ட் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் பல பத்து நாடுகளின் புள்ளிவிவரங்களைச் சேர்த்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்க்கைத் திருப்தியின் கோடு தூளி போலத் தொங்குகிறது. இளமையில் உயரம், நாற்பதுகளில் அடிமட்டம், பிறகு மறுபடி ஏற்றம். எல்லா நாட்டிலும் இது ஒரே மாதிரி இல்லை. சில வருடங்களாகப் பல இடங்களில் இளைஞர்களின் மனநிலையே மோசமாகி, அந்தக் கோட்டின் முதல் பாதி சரிந்துவிட்டது என்று அதே பிளாஞ்ச்ஃபிளவர் இப்போது சொல்கிறார். இருந்தாலும் நடுவில் இருக்கும் பள்ளத்தை முழுக்க மறுக்க முடியவில்லை.

இதில் எனக்குப் பிடித்தது 2012இல் வந்த ஓர் ஆய்வு. விலங்குக் காட்சிசாலைகளிலும் காப்பகங்களிலும் இருந்த 508 சிம்பன்சிகளையும் ஒராங்குட்டான்களையும் பற்றி, அவற்றைத் தினமும் கவனித்துக்கொள்பவர்களிடம் கேட்டார்கள். அவற்றின் நடுவயதிலும் அதே தொய்வு தெரிந்தது. சிம்பன்சிக்கு மாதத் தவணையும் இல்லை, வகுப்புத் தோழர் கூடுகையும் இல்லை.

ஆனால் மனிதருக்கு மட்டுமே உரிய ஒரு காரணமும் இருக்கிறது. உங்கள் விஷயத்துக்கு அதுதான் முக்கியம். ஜெர்மனியில் வருடாவருடம் அதே ஆட்களிடம் போய்க் கேள்வி கேட்கிற ஒரு பெரிய கணக்கெடுப்பு நடக்கிறது. இன்று உங்கள் வாழ்க்கை எவ்வளவு திருப்தி என்று மட்டும் கேட்கவில்லை, ஐந்து வருடம் கழித்து எவ்வளவு இருக்கும் என்றும் கேட்டார்கள். ஐந்து வருடம் கழித்துப் போய், அன்று சொன்னதையும் இன்று இருப்பதையும் ஒப்பிட முடிந்தது. ஹான்னஸ் ஷ்வான்ட் என்ற பொருளாதார ஆய்வாளர், 23,000க்கு மேற்பட்டவர்களின் பதில்களை வைத்து இதைக் கணக்குப் போட்டு 2016இல் வெளியிட்டார். இளைஞர்கள் வருங்காலத்தைக் கூடுதலாக மதிப்பிட்டிருந்தார்கள். நினைத்த அளவு வரவில்லை, அடுத்த முறையும் கூடுதலாகவே நினைத்தார்கள், அதுவும் வரவில்லை. நாற்பதுகளில் வரும்போது இரண்டு வலி ஒன்றாகச் சேர்கிறது. வந்திருக்க வேண்டியது வரவில்லை என்பது ஒன்று. இனி வரப்போவதும் பெரிதாக இல்லை என்று எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளும் வலி இன்னொன்று. ஐம்பதுகளின் நடுவில் கணக்கு திரும்புகிறது. எதிர்பார்ப்பு தாழ்ந்துவிட்டதால், நடப்பது அதைவிட நன்றாக இருக்கிறது. வயதானவர்கள் தங்கள் வருங்காலத்தைக் குறைவாகவே மதிப்பிட்டிருந்தார்கள்.

இதைப் படித்தபோது என் கணக்குப் புத்தி விழித்துக்கொண்டது. எங்கள் தொழிலில் 'வர வேண்டியவை' என்று ஒரு கணக்குத் தலைப்பு உண்டு. வசூலாகாது என்று தெரிந்த பாக்கியையும் சிலர் வருடக்கணக்கில் சொத்துப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். தள்ளுபடி செய்கிற வருடம் கணக்கு அசிங்கமாகத் தெரியும். அந்த வருடம் புதிதாக எந்த நஷ்டமும் வந்திருக்காது. பழைய நஷ்டத்தை இப்போதுதான் ஒப்புக்கொண்டு எழுதுகிறோம், அவ்வளவே. நாற்பத்தாறில் நீங்கள் செய்துகொண்டிருப்பது அந்த வேலைதான். அது வலிப்பதால் உங்கள் நிறைவு பொய் என்று ஆகிவிடாது.

சரி, பணத்துக்கு வருவோம். "பணத்தில் என்ன இருக்கிறது" என்று பேசுகிறவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. அப்படிப் பேசியவர்களில் பலரிடம் பணம் இருந்தது.

2010இல் டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் வெளியிட்ட ஆய்வைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் வருடத்துக்குச் சுமார் 75,000 டாலருக்குமேல் போனால் அன்றாட மகிழ்ச்சி கூடுவதில்லை என்றார்கள். உலகம் முழுக்க அதை மேற்கோள் காட்டினார்கள். 2021இல் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், கைப்பேசி வழியாக 33,000 பேரிடம் அவ்வப்போது கேட்டுச் சேர்த்த பதில்களை வைத்து, அப்படி எந்த எல்லையும் இல்லை, கூடிக்கொண்டேதான் போகிறது என்றார். இரண்டு தரப்பும் சண்டை போடாமல் சேர்ந்து உட்கார்ந்து பார்த்து 2023இல் ஒரே கட்டுரையாக எழுதினார்கள். முடிவு இதுதான்: பெரும்பாலானவர்களுக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் கூடுகிறது. ஏற்கனவே மிகவும் துயரத்தில் இருக்கிற ஒரு சிறுபான்மைக்கு மட்டும் ஓர் அளவோடு நின்றுவிடுகிறது. வறுமையின் துயரைப் பணம் துடைக்கும். இழப்பின் துயரை, மனச்சோர்வின் துயரை அது தொடுவதில்லை.

ஆகவே "உன்னைவிட உன் நண்பன் மகிழ்ச்சியாக இருக்கமாட்டான்" என்று நான் உங்களைத் தேற்ற முடியாது. இருக்கலாம். ஆனால் எவ்வளவு என்பதில்தான் கவனம் வேண்டும். இந்த ஆய்வுகளில் மகிழ்ச்சி ரூபாய்க்கு ரூபாய் ஏறவில்லை, இரட்டிப்புக்கு ஒரு படி என்று ஏறுகிறது. வருமானம் இரண்டு மடங்கானால் ஒரு படி. அடுத்த படிக்கு நான்கு மடங்கு வேண்டும், அதற்கடுத்ததற்கு எட்டு மடங்கு. உங்களைப் போல் எட்டு மடங்கு சம்பாதிக்கிற நண்பர் உங்களைவிட மூன்று படி மேலே நிற்கிறார். அந்தப் படிகளும் உயரமானவை அல்ல. தூக்கம், உடல்நலம், வீட்டில் இருக்கும் சுமுகம் ஆகியவற்றில் ஒன்று கெட்டால் மூன்று படியும் சேர்ந்து போய்விடும்.

ஆனால் கீழ்ப்படிகள் வேறு மாதிரி. அங்கே வழுக்கினால் மனநிறைவுப் பேச்சு எதுவும் உதவாது. தமிழ்நாட்டில் 464 கரும்பு விவசாயிகளிடம் ஓர் ஆய்வு நடந்து 2013இல் வெளிவந்தது. அறுவடைக்கு முன், கையில் காசு வறண்டிருக்கும்போது ஒரு முறையும், அறுவடைப் பணம் வந்த பிறகு ஒரு முறையும் அதே ஆட்களுக்கு அறிவுக்கூர்மைச் சோதனைகள் வைத்தார்கள். பணம் வருவதற்கு முன் அதே மனிதர்கள் குறைவாகவே மதிப்பெண் பெற்றார்கள். ஆள் மாறவில்லை, மூளை மாறவில்லை. பற்றாக்குறையைப் பற்றிய ஓயாத நினைப்பு, மற்ற யோசனைக்கு இடம் விடாமல் உட்கார்ந்துகொள்கிறது.

அதனால்தான் உங்கள் கேள்வியில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது 'கடன் இல்லை' என்ற இரண்டு சொற்கள். நீங்கள் அதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் பார்த்த கணக்குகளில், பெரிய சம்பளக்காரர்களில் எத்தனையோ பேரால் அந்த இரண்டு சொல்லை எழுத முடியாது. வள்ளுவர் இதைத் துல்லியமாகச் சொல்லிவிட்டார்: "ஆகாறு அளவிட்டி தாயினுங் கேடில்லை போகாறு அகலாக் கடை." வருகிற வழி சிறியதானாலும் கேடில்லை, போகிற வழி அகலாமல் இருந்தால். 'கேடில்லை' என்றுதான் சொல்கிறார், 'இன்பம்' என்று சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். குறைந்த வருமானத்தை அவர் புகழவில்லை. அது தாங்கும் என்கிறார், அவ்வளவுதான்.

எது தாங்கும், எது தாங்காது? இதில் மட்டும் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது. வரவும் செலவும் மாதக் கடைசியில் சரியாக வந்து முட்டிக்கொள்கிறது என்றால், அதை நான் 'வரவுக்குள் வாழ்வது' என்று சொல்லமாட்டேன். அது காற்றடிக்காத நாளில் கயிற்றின்மேல் நடப்பது. வேலை நின்றால் மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை வீடு நடக்கக் கையிருப்பு, ஒரு மருத்துவமனைச் செலவு வந்தால் யாரிடமும் கை நீட்டாமல் இருக்க ஒரு காப்பீடு, உழைக்க முடியாத வயதுக்காகச் சிறிதாகவாவது போய்க்கொண்டிருக்கும் ஒரு சேமிப்பு. இந்த மூன்றும் இருந்தால் உங்கள் 'போதும்' கல்லின்மேல் நிற்கிறது. இல்லையென்றால், சில ராத்திரிகளில் வருகிற அந்தச் சந்தேகத்தைத் தத்துவப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் புத்தி சரியாகவே எச்சரிக்கிறது. எழுந்து காலையில் கணக்கைப் பாருங்கள்.

கூடுதலாகச் சம்பாதிக்க முயலுவது மனநிறைவுக்கு எதிரான காரியம் என்று நினைப்பவர்களும் உண்டு. எனக்கு அது புரிவதில்லை. அடித்தளம் போதாத இடத்தில் முயற்சிதான் நிறைவுக்கு வழி.

செலவு எப்படி அகலுகிறது என்பதை என் கதையிலேயே சொல்கிறேன். நாற்பத்து மூன்று வயதில் தவணையில் ஒரு கார் வாங்கினேன். தேவை இருக்கவில்லை. நெருங்கிய உறவினர் ஒருவர் வாங்கியிருந்தார், அவ்வளவுதான் காரணம். மூன்று மாதம் அதைத் துடைத்துத் துடைத்து வைத்தேன். பிறகு அது வாசலில் நிற்கிற ஒரு பொருள். தவணை மட்டும் ஐந்து வருடம் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி தவறாமல் வந்தது. அந்தக் காரில் போன இடங்களை யோசித்துப் பார்த்தால் இரண்டோ மூன்றோதான் நினைவுக்கு வருகின்றன. ஐந்தாம் தேதியை மட்டும் இன்னும் மறக்கவில்லை. கிடைத்ததற்கு மனம் இப்படிச் சீக்கிரம் பழகிப்போவதை உளவியலில் பல காலமாகவே பேசுகிறார்கள். லாட்டரியில் வென்ற 22 பேரை வைத்து 1978இல் செய்த ஓர் ஆய்வு, அவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் மகிழ்ச்சியாக இல்லை என்று சொல்லிப் புகழ்பெற்றது. நேர்மையாக இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். சுவீடனில் மிகப் பெரிய எண்ணிக்கையில் லாட்டரி வென்றவர்களைப் பின்தொடர்ந்து 2020இல் வந்த ஆய்வில், வாழ்க்கைத் திருப்தி கூடி, பல வருடம் அப்படியே நின்றது. எனக்குத் தோன்றுவது: பொருளாக மாறிய பணத்துக்கு மனம் பழகிவிடுகிறது, பயமில்லாமையாக மாறிய பணத்துக்கு அவ்வளவு சீக்கிரம் பழகுவதில்லை. இது என் ஊகம்தான்.

அடுத்தது ஒப்பீடு. "ஒப்பிடாதே" என்ற அறிவுரையை யாரும் பின்பற்றி நான் பார்த்ததில்லை. மனம் ஒப்பிடும், அது அதன் வேலை. எதில் ஒப்பிடுகிறது என்பதைத்தான் கவனிக்க முடியும். 1998இல் வந்த ஓர் ஆய்வில் இரண்டு உலகங்களைக் காட்டி, எதில் வாழ விருப்பம் என்று கேட்டார்கள். ஒன்றில் உங்களுக்கு 50,000 டாலர், மற்றவர்களுக்கு 25,000. இன்னொன்றில் உங்களுக்கு 1,00,000, மற்றவர்களுக்கு 2,00,000. பொருள்களின் விலையில் மாற்றம் இல்லை. கிட்டத்தட்டப் பாதிப்பேர் முதல் உலகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்தவரைவிட மேலே இருப்பதற்காகத் தன் வருமானத்தில் பாதியை விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்கள். இதே கேள்வியை விடுமுறை நாள்களை வைத்துக் கேட்டபோது கதை மாறிவிட்டது. அடுத்தவருக்கு எத்தனை நாள் என்று பெரும்பாலானவர்கள் பார்க்கவில்லை. எனக்கு நான்கு வாரம் கிடைத்தால் அவனுக்கு எட்டு வாரம் கிடைக்கட்டுமே என்று விட்டுவிட்டார்கள்.

குறைந்த வருமானத்தில் வாழ்பவருக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி இல்லை. வீடு, வண்டி, பதவி ஆகியவற்றின் ருசி அடுத்தவரிடம் இருப்பதைப் பொறுத்தது. ஓய்வு, தூக்கம், நடை, பிள்ளையோடு பேசிக்கொண்டிருக்கும் ஒரு சாயங்காலம் ஆகியவற்றின் ருசி யாரையும் பொறுத்ததில்லை. உங்களால் முந்த முடியாத பந்தயம் முதல் வகையில் இருக்கிறது. இரண்டாம் வகையில் பந்தயமே கிடையாது. சிறிய வருமானத்துக்கு ஈடாக உங்களுக்கு நேரம் கிடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கிடைத்து, அதைக் கைப்பேசித் திரையில் நண்பர்களின் வீட்டுப் படங்களைப் பார்ப்பதில் செலவழிக்கிறீர்கள் என்றால், இரண்டு பக்கமும் நஷ்டம்.

இனி உங்கள் முக்கியக் கேள்வி. நிறைவா, கையாலாகாத்தனமா? உள்ளே உற்றுப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டும் உள்ளே ஒரே மாதிரிதான் அமைதியாக இருக்கும். வெளியே சில இடங்களில்தான் வித்தியாசம் தெரியும்.

வசதியான ஒருவரைப் பற்றிப் பேச்சு வரும்போது உங்கள் வாயைக் கவனியுங்கள். "நேர்மையாக இருந்தால் இவ்வளவு சேருமா" என்று உடனே வருகிறதா? நிறைவுக்கு அடுத்தவரைக் குறைத்துச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்காது. அடுத்து, ஆசை எதுவும் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வேலையை இன்னும் நன்றாகச் செய்ய வேண்டும், ஒன்றைக் கற்க வேண்டும் என்ற பசி இருந்தால் நீங்கள் சோர்ந்துபோன ஆள் இல்லை. சோர்வு எல்லாவற்றையும் ஒன்றாகவே வாடச் செய்யும். அது பொருளை மட்டும் வேண்டாம் என்று சொல்லாது, மனிதர்களையும் காலைப் பொழுதையும் சேர்த்து வேண்டாம் என்று சொல்லும். எதிலும் ருசி இல்லாமல் வாரக்கணக்கில் இருந்தால், தயங்காமல் ஒரு மருத்துவரைப் பாருங்கள். அதைப் பக்குவம் என்று நினைத்து வளர்த்தவர்கள் உண்டு.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, பலருக்குக் கேட்கப் பிடிக்காது. உங்கள் 'போதும்' யாருடைய 'போதும்'? வீட்டில் எல்லோரிடமும் கேட்டீர்களா? துணைக்குப் படிப்பு ஆசை இருந்திருக்கலாம், பிள்ளைக்கு ஒரு பயிற்சி வேண்டியிருந்திருக்கலாம். ஒருவர் மனநிறைவோடு இருக்க, நான்கு பேர் வாயை மூடிக்கொண்டு இருப்பதை நான் நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். தன் தேவையைச் சுருக்குகிறவர் துறவி. அடுத்தவர் தேவையைச் சுருக்குகிறவருக்கு வேறு பெயர். நீங்கள் எப்படி என்று எனக்குத் தெரியாது. வீட்டில் உள்ளவர்களிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள், பதில் வர இரண்டு நாள் ஆனாலும் பொறுத்திருங்கள்.

புறநானூற்றின் 189ஆம் பாட்டில் நக்கீரனார், உலகை ஆள்கிறவனுக்கும் இரவும் பகலும் தூங்காமல் வேட்டையாடுகிறவனுக்கும் உண்பது நாழி, உடுப்பவை இரண்டே என்கிறார். எளிமைக்குச் சான்றாக அந்த வரியோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். ஆனால் பாட்டு அங்கே முடியவில்லை. "செல்வத்துப் பயனே ஈதல், துய்ப்பேம் எனினே தப்புந பலவே" என்று போகிறது. எல்லாவற்றையும் நாமே அனுபவிப்போம் என்று நினைத்தால் தவறிப்போவது பல. தேவையைச் சுருக்கச் சொல்வது, மிச்சத்தை யாருக்காவது கொடுப்பதற்காக. என் அனுபவத்தில் இது நல்ல உரைகல். உண்மையிலேயே போதும் என்று இருப்பவர் கையிலிருந்து சிறியதாக ஏதாவது வெளியே போய்க்கொண்டே இருக்கும்: கொஞ்சம் பணம், கொஞ்சம் நேரம், யாருக்காவது கற்றுக்கொடுத்த ஒரு வேலை. பயந்து சுருங்கியவரின் கை மூடியே இருக்கும். வருமானம் எவ்வளவு என்பதற்கும் இதற்கும் பெரிய தொடர்பு இல்லை.

இப்போது அந்தத் தோழர் கூடுகை. போங்கள். லாரா கார்ஸ்டென்சன் என்ற உளவியலாளர் வயதும் உறவுகளும் பற்றி நீண்ட காலமாக ஆராய்ந்தவர். இருக்கும் காலம் குறைகிறது என்று மனம் உணரும்போது, பழக்க வட்டத்தைச் சுருக்கி, மனசுக்கு நெருக்கமான சிலரை மட்டும் வைத்துக்கொள்கிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஐம்பது பேரைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்தால் வயிற்றைப் பிசையும். யாரோ இரண்டு பேர் இருப்பார்கள், அந்த வயதில் நீங்கள் யார் என்று தெரிந்தவர்கள். அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். மற்றவர்கள் தங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நல்ல வீடாகவே இருக்கும்.

யாராவது "நீ என்ன பண்றே?" என்று கேட்பார்கள். உங்கள் வேலையின் பெயரைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு "அவ்வளவுதான்" என்று ஒரு சொல்லைச் சேர்க்க நாக்கு துடிக்கும். நான் பல வருடம் சேர்த்திருக்கிறேன். அதை மட்டும் சேர்க்காமல், அவர் முகத்தைப் பார்த்து, "நீ?" என்று கேளுங்கள்.